வெறியன் அண்ணனுக்கு முப்பது வயசு

அக்டோபர் 12, ஞாயிறு

மக்களே வணக்கம்னு எழுதி அடிச்சுட்டேன். இது பேஜ் இல்ல, டைரி. பழக்க தோஷம்.

விஷயம் என்னன்னா, நவம்பர் 16 வந்தா எனக்கு முப்பது. 'மனசே மாலினி' சேனல் அக்கா சொல்லிருக்காங்க, இருபதுகள் முடியறதுக்குள்ள டைரி எழுதணுமாம். பேனாவுல எழுதணுமாம். எழுதினா "நீங்க எவ்வளவு வளந்திருக்கீங்கன்னு உங்களுக்கே தெரியும்." அதுக்குத்தான் இந்த நோட்டு. கம்பெனில சரக்கு வாங்கற பையர் குடுத்தது, அட்டைல ஜெர்மன்காரன் பேரு போட்டிருக்கு. பரவால்ல.

பொறந்தநாள் அன்னைக்கு பேஜ்ல ஒரு த்ரெட் போடணும். "முப்பது வயசு, முப்பது பாடம்." எல்லாரும் போடறாங்க. போன வாரம் ஒருத்தன் இருபத்தஞ்சு வயசுக்கே நாப்பது பாடம் போட்டான். எப்படித்தான் கத்துக்கறாங்களோ.

பாடம் 1: நம்பிக்கை முக்கியம்.
பாடம் 2: தண்ணி நெறைய குடிக்கணும்.

மீதி நாளைக்கு.

அக்டோபர் 13, திங்கள்

டைரில முதல்ல தன்னப் பத்தி எழுதணும்னு மாலினி அக்கா சொன்னத நேத்து மறந்துட்டேன்.

பாக்கறவங்களுக்கு நானு ரேணுகாதேவி. திருப்பூர்ல பனியன் கம்பெனி, மெர்ச்சண்டைசிங் செக்‌ஷன். ஜெர்மன்காரன் "இது நாங்க கேட்ட நீலம் இல்ல"ன்னு மெயில் போடுவான். சாயம் போடற டையிங்காரரு "இது நீலமில்லாம பின்ன கருவாப்பட்டையாங்?"னு போன்ல கத்துவாரு. ரெண்டு பேரும் அடிச்சுக்காம நடுவுல நின்னு பேசி, சரக்கு கப்பல் ஏறற வரைக்கும் பாத்துக்கறது என் வேலை. அது சும்மா, சோத்துக்கு.

உண்மையான நானு வேற. உண்மையான நானு 'எரிமலை வெறியன்'.

எரிமலை நாயகன் அமுதவேந்தன் சாரோட ரசிகர் பேஜ்லயே பெரிய பேஜு என்னோடது. ஒரு லட்சத்து நாப்பதாயிரம் பேரு. அவர நாங்க மலைன்னுதான் கூப்பிடுவோம். நாங்கெல்லாம் லாவா. இருபது வயசுல, காலேஜ் கடைசி வருஷம் ஆரம்பிச்சது. ஆக என் இருபதுகள் மொத்தமும் அதுலதான் இருக்கு.

வெறியன்னு ஏன் ஆம்பளப் பேருன்னா, முதல்ல சொந்தப் பேர்லதான் ஆரம்பிச்சேன். மலையோட சண்டைக் காட்சியப் பத்தி நாலு பக்கம் எழுதினேன். கீழ நாப்பது பேரு வந்தானுங்க. ஒரே கேள்வி. "சாப்டீங்களா?" அடுத்த வாரம் பேர மாத்தி அதே நாலு பக்கத்த திருப்பிப் போட்டேன். "அண்ணா, தெளிவு"ன்னு வந்துச்சு. அன்னைலருந்து அண்ணன்.

ஒரே பிரச்சன குரல். ஆடியோ அரட்டைல பேசுங்கண்ணான்னு கூப்ட்டானுங்க. தொண்டைல ஆபரேஷன், பேசக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாருன்னு டைப் பண்ணிட்டேன். எட்டு வருஷம் ஆச்சு, இன்னும் ஆறல. வருஷா வருஷம் அண்ணன் தொண்டைக்காக ரெண்டு பேரு பழனிக்கு நடந்து போறாங்க. போட்டோ போடுவாங்க. நானும் லைக் போடுவேன். வேற என்ன பண்ண?

அக்டோபர் 15, புதன்

பாடம் எழுதலாம்னு உக்காந்தா பேஜ் வேலை விடல.

காலைல வழக்கம்போல தினகர். நம்ம ரெண்டாவது அட்மின். கரூர்ல ஜவுளிக்கடை, சேலை செக்‌ஷன்ல நிக்கறான். நேர்ல பாத்ததில்ல. எட்டு வருஷமா தினமும் "அண்ணா குட் மார்னிங், தொண்டை எப்படி?" நானும் "பரவால்ல. வேலையப் பாரு. அவ்ளோதான் சாமி."

அவ்ளோதான் சாமிங்கறது எங்கப்பா பேச்சு. கம்பெனி வேன் ஓட்டறாரு, எதச் சொன்னாலும் அப்படித்தான் முடிப்பாரு. எனக்கும் ஒட்டிக்கிச்சு. எல்லா மெசேஜும் அப்படியே முடிச்சு முடிச்சு, இப்ப ஸ்டிக்கரே வந்துருச்சு. டிஷர்ட்டு கூட அடிச்சிருக்கானுங்க.

அப்புறம் இன்பாக்ஸ். ஒரு காலேஜ் பையன் மூணு பேப்பர் போயிருச்சாம், வீட்ல சொல்ல பயமா இருக்காம். "முதல்ல அம்மாகிட்ட சொல்லு, அப்பாகிட்ட எப்ப சொல்றதுன்னு அவங்க பாத்துப்பாங்க. அவ்ளோதான் சாமி." ஈரோட்டுல ஒரு ஆஸ்பத்திரில ஓ நெகட்டிவ் ரத்தம் வேணும்னாங்க. போஸ்ட் போட்டேன். ஆஸ்பத்திரி வாசல்ல ஆறு பேரு போய் நின்னுட்டானுங்க, செக்யூரிட்டி கலாட்டாவோன்னு பயந்துட்டாராம். ஒருத்தனுக்கு இண்டர்வியூ, என்ன கலர் சட்டைன்னு கேட்டான். வெள்ளைன்னேன்.

இந்த மாதிரி சில்லறை வேலைலயே நாள் ஓடிருது. நம்ம வளர்ச்சிய எப்ப பாக்கறது?

பாடம் 3: நேரத்த வீணாக்கக் கூடாது.

அக்டோபர் 19, ஞாயிறு

நாளைக்கு தீபாவளி. அது கெடக்கட்டும். நாளைக்கு 'கொதிகலன்' ரிலீஸ்!!! மூணு வருஷம் கழிச்சு மலை படம்!!!

இன்னைக்கு பூரா, தியேட்டர்ல தூவறதுக்கு பேப்பர் கிழிச்சேன். சும்மா கிழிக்கறதில்ல அது. நியூஸ் பேப்பர் தடிமன், தொப்புன்னு விழும். டிஷ்யூ பறந்து ஸ்கிரீன மறைக்கும். எங்க கம்பெனி கட்டிங் டேபிள்ல மிச்சமாகற பேட்டர்ன் பேப்பர்தான் சரி. கட்டை விரல் நகம் அளவு. மலை திரும்பிப் பாக்கறப்ப தூவினா, அவர் சிரிக்கறப்ப கீழ எறங்கணும். அந்தக் கணக்குல கிழிக்கணும்.

கட்டைப்பைல கைய விட்டு எடுத்து எடுத்து கிழிச்சுட்டே இருந்தேன். அம்மா பலகாரம் சுட்டுக்கிட்டே என்னமோ சொன்னாங்க. தரகர் பழனியப்பன் செவ்வாக்கெழம வர்றாரு, ஒருக்கா மூஞ்சியக் கழுவிட்டு இரு அம்மிணின்னு. நானு ம்னேன். ம் சொல்றதுல எனக்கு பத்து வருஷ அனுபவம்.

அக்டோபர் 20, தீபாவளி

எப்படி எழுதறதுன்னே தெரியல.

காலைல தியேட்டர் கேட்ல பைய குடுத்தேன். "வெறியன் அண்ணன் குடுத்து விட்டாருங்க." நான் எப்பவும் அப்படித்தான், தங்கச்சி மாதிரி குடுத்துட்டு ஃபேமிலி வரிசைல போய் உக்காந்துக்குவேன். பசங்க "அண்ணன் வரலீங்களாக்கா?"ன்னானுங்க. "தொண்டைங்க"ன்னேன். "அய்யோ பாவம்"னானுங்க.

மலை எண்ட்ரி. கொதிகலனுக்குள்ள இருந்து வெளிய வர்றாரு. உள்ள எப்படிப் போனாருன்னு படம் கடைசி வரைக்கும் சொல்லல, அது டைரக்டரோட நம்பிக்கை. பேப்பர் பறக்குது. விசில் காதக் கிழிக்குது. எனக்கு கண்ணெல்லாம் தண்ணி.

அப்ப மடில ஒரு துண்டு விழுந்துச்சு. "வயது: 27."

தோள்ல இன்னொண்ணு. "குடிப்பழக்கம் இல்லாத."

முன் சீட்டுக்காரன் தலைல இருந்து ஒண்ண எடுத்து பக்கத்துல இருக்கறவன்கிட்ட காட்டறான். "மச்சி, ராசிக் கட்டம்டா இது! மலைக்கு ஜாதகமே எழுதித் தூவறாரு அண்ணன்!"

"வேற லெவல்டா அவரு."

அம்மா தரகருக்கு எடுத்து வெச்சிருந்த ஜெராக்ஸு. ஜாதகமும் பயோடேட்டாவும். அதே மாதிரி கட்டைப்பை. ஊரே என் வரன் மேல நின்னு டான்ஸ் ஆடிட்டு இருக்கு. இதுல வயசு இருபத்தேழுன்னு போட்டதாவது உண்மையா இருந்திருக்கலாம்.

படம் செம. முதல் பாதி கொஞ்சம் ஸ்லோ. ரெண்டாம் பாதியும் கொஞ்சம் ஸ்லோ. இண்டர்வெல் விட்டாங்க பாருங்க, அது வேற லெவல்.

அக்டோபர் 21, செவ்வாய்

தரகர் வந்தாரு. அம்மா கண்ணக் கூட சிமிட்டாம, "ஜெராக்ஸ் கடைல மிஷின் ரிப்பேருங், அடுத்த வாரம் வாங்"ன்னாங்க. காப்பி குடுத்து அனுப்பிட்டு கதவச் சாத்தினாங்க.

"எதுக்குடி கிழிச்ச?"

"பாக்கலம்மா. சத்தியமா பாக்கல."

"எதுக்குன்னு கேட்டேன்."

"மலை எண்ட்ரிக்கு."

"அவன் எண்ட்ரிக்கு உன்ற ஜாதகமாடி கெடச்சுது?"

வேற வழியில்லாம பேஜக் காட்டினேன். பத்து வருஷத்துல முதல் தடவ. அம்மா கண்ணாடியப் போட்டுக்கிட்டு இன்பாக்ஸ நோண்டினாங்க.

"இந்தப் பையன் பரிட்சைல போயிட்டான்னு உன்கிட்ட எதுக்குச் சொல்றான்?"

"அண்ணன்கிட்ட சொல்றாம்மா."

"அண்ணன் யாரு?"

"நான்தான்."

என் மூஞ்சிய பாத்துட்டே இருந்தாங்க. மீசை எங்காச்சும் இருக்கான்னு தேடற மாதிரி. அப்புறம், "அவங்கம்மாகிட்ட சொல்லிட்டானா?"

"தெரியலம்மா."

"கேளு."

கேட்டேன். சொல்லிட்டானாம். அம்மா ஒரு முறுக்க ஒடச்சு வாய்ல போட்டுட்டு உள்ள போயிட்டாங்க. திட்டு அதோட முடிஞ்சுது. இதுல என்ன பாடம்னு தெரியல, அதனால நம்பர் போடல.

அக்டோபர் 26, ஞாயிறு

நின்னுக்கிட்டே எழுதறேன். எழுத்து கோணலா இருந்தா அதான்.

மலையோட டிஜிட்டல் டீம்ல இருந்து பிரஜித்ங்கறவரு மெசேஜ் போட்டிருக்காரு!! பத்து வருஷம் முடிச்ச ரசிகர் பேஜ் அட்மின்களுக்கு சென்னைல மரியாதை. நவம்பர் 9. மலை கூட போட்டோ. பேஜ அதிகாரப்பூர்வமா ஆக்கறாங்களாம், ஐடி பாஸ்வேர்ட அன்னைக்கு நேர்ல ஒப்படைக்கணுமாம்.

ஒப்படைக்கணும்ங்கற வார்த்தைய மட்டும் ரொம்ப நேரம் பாத்துட்டே இருந்தேன். சந்தோஷத்துலதான்.

தினகரு, "அண்ணா நானும் வர்றேன். போட்டோ வேண்டாம், உங்கள ஒருக்கா நேர்ல பாத்தா போதும்"னான். "ரயில் டிக்கெட் எடுக்காத, எனக்கு டாக்டர் அப்பாயிண்ட்மெண்ட் இருக்கலாம்"னு போட்டேன். எடுத்துட்டானாம்.

தங்கச்சின்னு சொல்லிட்டுப் போயிரலாம். கேட்ல பழகினதுதான.

அம்மாகிட்ட சொன்னேன். "பத்து வருஷமா அவனுக்கு வேல பாத்திருக்க, ஒரு போட்டோ குடுத்து மொத்தமா எடுத்துக்கறானா?"ன்னாங்க. அவங்களுக்கு சினிமா புரியாது. நானும் வர்றேன்னுட்டாங்க.

நவம்பர் 2, ஞாயிறு

மாலினி அக்கா இன்னைக்கு வீடியோவுல: "விட்டுக்குடுக்கறதுதான் வளர்ச்சி. முப்பதுக்குப் போறப்ப இருபதோட மூட்டைய எறக்கி வைங்க." எனக்காகவே சொன்ன மாதிரி இருந்துச்சு. ஆக பாஸ்வேர்ட குடுக்கறது வளர்ச்சி.

பாடம் 4: எறக்கி வைக்கணும்.

கூட படிச்ச சிந்துஜாவுக்கு ரெண்டு கொழந்தைங்க. நளாயினி கனடாவுல பனியக் கரண்டில அள்ளி வீடியோ போடறா. நானு இந்தப் பத்து வருஷத்துல என்ன பண்ணினேன்னு எழுதலாம்னா பேனா நகரல. சரி, குடுக்கறதுக்கு முன்னாடி பழைய போஸ்டெல்லாம் ஒருக்கா பாக்கலாம்னு உக்காந்தேன்.

பத்துல ஒண்ணு கூட மலை இல்ல. ரத்தம். வேலை காலி இருக்கு. கும்பகோணத்துல காணாமப் போன தாத்தா. கெடைச்ச தாத்தா. வெள்ளத்தப்ப எந்த ரோட்டுல தண்ணி இல்லன்னு நாங்க போட்ட மேப்பு. கல்யாணம் நின்னு போன ஒரு புள்ளைக்கு லாவா எல்லாம் சேந்து எழுதின எறநூறு கமெண்ட்டு, அதுல ஒருத்தன் கூட கெட்ட வார்த்த பேசல. ஒருத்தன் பேசினானா? பேசினான். தூக்கிட்டேன்.

இதப் போயி அதிகாரப்பூர்வமா ஆக்கறாங்களே, ஏமாந்துருவாங்களேன்னு அவங்கள நெனச்சு கவலையா இருந்துச்சு.

நவம்பர் 5, புதன்

நீலம் அப்ரூவ் ஆயிருச்சு. வேற ஒண்ணும் எழுதத் தோணல.

நவம்பர் 8, சனி

ரயில்ல. அம்மா தக்காளிச் சோறு கட்டிருக்காங்க. தனியா ஒரு டப்பால ஒப்புட்டு, எங்கூரு போளி.

"இது யாருக்கும்மா?"

"அந்த மலைக்கு. பாவம், படம் ஓடலையாமா?"

"ஓடிட்டு இருக்கும்மா! வசூல் கணக்கெல்லாம் எதிரிங்க பரப்பறது."

"தியேட்டர்ல நேத்தே எடுத்துட்டாங்கன்னு தரகர் சொன்னாரே."

தரகரும் எதிரிதான்.

நவம்பர் 10, திங்கள்

நேத்து நடந்தத ஒண்ணு விடாம எழுதணும்.

வடபழனி பக்கம் ஒரு கல்யாண மண்டபம். வாசல்ல மலை கட்-அவுட். டேபிள்ல ஒரு பொண்ணு.

"பேஜ் நேம்?"

"எரிமலை வெறியன்."

"சார் வரலையா?"

"உடம்பு சரியில்லைங்க. நான் தங்கச்சி." கழுத்துல மாட்ட ஒரு அட்டை குடுத்தாங்க. மத்தவங்களுக்கெல்லாம் 'பத்தாண்டு லாவா'ன்னு தங்கக் கலர்ல இருக்கு. என்னோடதுல 'விருந்தினர்'. அம்மாவுக்கும் அதேதான்.

போட்டோ வரிசைல எனக்கு முன்னாடி ஒருத்தன், ஒல்லியா. முதுகுல 'அவ்ளோதான் சாமி'ன்னு டிஷர்ட்டு. அம்மா காதுல, "அது உங்கப்பன் பேச்சில்லையா?"ன்னாங்க. பேசாம வாங்கன்னு கிள்ளினேன்.

அவன் திரும்பி என் அட்டையப் பாத்தான். "விருந்தினர்னா யாரோடங்க?"

"வெறியன்..." அதுக்கு மேல வரல.

"அண்ணன் தங்கச்சிங்களா! அக்கா, நான் தினகர்ங்க்கா! கரூரு! அண்ணன் சொல்லிருப்பாரே!"

தலைய மட்டும் ஆட்டினேன். எட்டு வருஷமா தினமும் பேசறவன். மூக்கு இவ்ளோ நீளமா இருக்கும்னு நெனைக்கல.

"வரலீங்களா? தொண்டையா? எனக்குத் தெரியும்ங்க்கா." பையிலருந்து ஒரு பொட்டலம் எடுத்துக் குடுத்தான். பனங்கற்கண்டு. "காலைல வெறும் வயித்துல வாய்ல அடக்கிக்கச் சொல்லுங்க. எனக்குக் கல்யாணம் ஆனதே அண்ணனாலதாங்க்கா. மாமனாருக்கு என்ன எழுதறதுன்னு தெரியாம அண்ணன்கிட்ட கேட்டேன். அவரு டைப் பண்ணிக் குடுத்தாரு, அப்படியே அனுப்பிட்டேன். கடைசில அவ்ளோதான் சாமிய எடுக்க மறந்துட்டேன். மாமனாருக்கு அதான் புடிச்சுதாம். தைரியமான பையன்னு."

அம்மா பொட்டலத்த வாங்கிக்கிட்டாங்க. "அவன் நல்லா இருக்கான் சாமி. சொல்லிடறோம்"னாங்க. எங்கம்மா மாதிரி ஒரு ஆளு சினிமாவுக்குப் போயிருக்கணும்.

அப்புறம் மலை.

மலை!!!

வெள்ளச் சட்டை. நெனச்சதுக்கு கொஞ்சம் குள்ளம், ஆனா ஒளி. பக்கத்துல போய் நின்னேன். பத்து வருஷமா மனசுல வெச்சிருந்த வசனம் ஒண்ணும் ஞாபகத்துக்கு வரல. கேமராவப் பாத்துட்டே என்கிட்ட சொன்னாரு: "வாங்கம்மா. சாப்ட்டுப் போங்க."

என்னைய சாப்ட்டுப் போகச் சொன்னாரு! மலை!

அடுத்து அம்மா நின்னாங்க. "வாங்கம்மா. சாப்ட்டுப் போங்க." அதுக்கடுத்து ஒரு தாடிக்காரரு. "வாங்க தம்பி. சாப்ட்டுப் போங்க." எல்லாரையும் ஒரே மாதிரி பாக்கற மனசு.

ஒப்புட்டு டப்பாவ ஒரு பாதுகாப்புக்காரர் வாங்கி நாற்காலிக்கு கீழ வெச்சாரு.

சாப்பாட்டு ஹாலுக்குப் பக்கத்து ரூம்ல பிரஜித். கூலிங் கிளாஸ தலைல மாட்டிருந்தாரு. லேப்டாப்ப திருப்பி, மாத்தினா எப்படி இருக்கும்னு காட்டினாரு. என் பேஜ். அதே ஃபாலோயர். மேல பேரு மட்டும் வேற.

'இளைய எரிமலை அகிலவேந்தன் ஆர்மி.'

"சாரோட பையன் பொங்கலுக்கு லாஞ்ச். புதுசா பேஜ் ஆரம்பிச்சா ஃபாலோயர் வர லேட்டாகும். அதான் பழைய பேஜெல்லாம் அப்படியே அவர் பேருக்கு மாத்தறோம். பழைய போஸ்ட் எல்லாம் கிளீன் பண்ணிருவோம், யாருக்கும் தெரியாது."

"கிளீன்னா?"

"டெலிட். ரத்தம், தாத்தா காணோம், என்னென்னமோ இருக்கு. பிராண்டுக்கு செட் ஆகாது. உங்க அண்ணன் பாஸ்வேர்ட் குடுத்து விட்டிருக்காரா?"

ரூம்ல மத்த பேஜ்காரங்க ஏழெட்டு பேரு, கைல தட்டோட. தினகரும் குலோப் ஜாமூன் கிண்ணத்தோட ஓரமா நிக்கறான். எல்லாரும் வரிசையா எழுதிக் குடுத்துட்டு இருக்காங்க. பேனாவ என் பக்கம் நீட்டினாரு. நானும் வாங்கினேன். பாஸ்வேர்ட் எனக்குத் தூக்கத்துல கூடத் தெரியும். முதல் எழுத்து எழுதிட்டேன்.

அம்மா குனிஞ்சு என் காதுல கேட்டாங்க. "அந்த மூணு பேப்பர் பையன் இனி யாருகிட்ட கேப்பான்?"

பேனாவ மூடி டேபிள்ல வெச்சேன்.

"அண்ணன் குடுக்க மாட்டாருங்க"ன்னேன்.

"என்னது?"

"அவருக்கு முப்பது வயசாகப் போகுதுங்க. திருந்திட்டாரு."

பிரஜித் சிரிச்சாரு. அப்புறம் சிரிக்கல. "மேடம், ஸ்டில்ஸ் எல்லாம் எங்க காப்பிரைட். புகார் குடுத்து ஸ்ட்ரைக் அடிச்சா பேஜே இருக்காது. அண்ணன்கிட்ட போன் போட்டுப் பேசுங்க."

"அவரால பேச முடியாதுங்க, தொண்டை"ன்னு அம்மா சொன்னாங்க.

நானு எந்திரிச்சேன். "ஸ்டில்ஸ எடுத்துடறோம்ங்க. மீதி எங்களுது. அவ்ளோதான் சாமி."

வாய்ல வந்துருச்சு. பழக்கம். பத்து வருஷமா எதச் சொன்னாலும் அப்படித்தான முடிக்கறேன்.

ஓரத்துல டங்குன்னு சத்தம். குலோப் ஜாமூன் உருண்டு என் செருப்புகிட்ட வந்து நின்னுச்சு. தினகர் அதப் பாக்கல. என்னையப் பாத்துட்டு இருந்தான். வாய் மட்டும் தெறந்திருந்துச்சு.

அங்கயே அவன்கிட்ட உண்மைய சொல்லிருக்கலாம். அம்மா கையப் புடிச்சுட்டு வெளிய வந்துட்டேன். மலை சொன்ன மாதிரி சாப்பிடவும் இல்ல.

நவம்பர் 11, செவ்வாய்

காலைல குட் மார்னிங் வரல.

நவம்பர் 12, புதன்

வரல. கரூர்ல நெட் இல்ல போல.

பேஜ்ல இருந்த மலை ஸ்டில்ஸ் மொத்தத்தையும் எடுத்துட்டேன். ஒரு மணி நேரம் கூட ஆகல. எடுத்தப்புறம் பாத்தா பேஜ் அப்படியேதான் இருக்கு. முகப்புப் படம் மட்டும் காலி. வேற எதுவும் கைல இல்லாததால ஜெர்மன்காரன் அப்ரூவ் பண்ணின நீலத்த வெச்சேன். வெறும் நீலம். கீழ "அண்ணா, ஆழமான கருத்து"ன்னு முன்னூறு கமெண்ட்டு.

மலை மேல எனக்குக் கோவமெல்லாம் இல்ல. அவருக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காது. சாப்ட்டுப் போகச் சொன்னாரு இல்ல?

நவம்பர் 14, வெள்ளி

வரல. கரூர்ல நெட் இருக்கு, செக் பண்ணிட்டேன்.

எட்டு வருஷம் ஏமாத்திருக்கேன்னு நெனைப்பான். லாவா குரூப்ல சொல்லிட்டான்னா முடிஞ்சுது, அண்ணன்னு நம்பினவங்கெல்லாம் போயிருவாங்க. பிரஜித் வந்து புடுங்கவே வேண்டாம்.

அம்மா தோசை வெச்சுட்டு, "அந்த மூக்கு நீளப் பையன் ஏதாச்சும் சொன்னானா?"ன்னாங்க.

"இல்ல."

"நீ ஏதாச்சும் சொன்னியா?"

அதுவும் இல்ல. இன்பாக்ஸ்ல ஒருத்தன் இப்படி வந்து கேட்டிருந்தா என்ன சொல்லிருப்பேன்னு எனக்கு நல்லாத் தெரியும். முதல்ல போய் சொல்லுன்னு சொல்லிருப்பேன். பேனாவுல எழுதறப்பதான் தெரியுது, எவ்ளோ ஈசியா சொல்லிருக்கேன்னு.

டைப் பண்ணினேன். "தினகர், அது நான்தான். ஆரம்பத்துலருந்து நான்தான். தொண்டைக்கு ஒண்ணும் இல்ல. மன்னிச்சுக்கோ." கடைசில அந்த ரெண்டு வார்த்தையப் போடல.

ரெண்டு டிக் விழுந்துச்சு. பதில் இல்ல.

நவம்பர் 16, ஞாயிறு

முப்பது.

காலைல எந்திரிச்சு கண்ணாடியப் பாத்தேன். மாலினி அக்கா சொன்ன ஒளி எதுவும் தெரியல. பாடம் நாலோட நிக்குது. அம்மா பாயசத்த வெச்சுட்டு, தரகர் நம்பர அழிச்சுட்டேன், இனி வயச சரியாப் போட்டு நாமளே பாத்துக்கலாம்னாங்க. இதுதான் கிஃப்ட்டாம்.

அப்ப குரூப்ல மெசேஜ். தினகர்.

"லாவா மக்களே. ஒரு வாரமா யோசிச்சு எழுதறேன். போன ஞாயித்துக்கெழம சென்னைல அண்ணன் பேசினத என் காதால கேட்டேன். தொண்டை குணமாயிருச்சு. குரல் கணீர்னு இருக்கு. எவனோ ஒரு கூலிங் கிளாஸ்காரன் பேஜக் கேட்டான், முடியாதுன்னு மூஞ்சிக்கு நேரா சொன்னது அந்தக் குரலு. பழனிக்கு நடந்தவங்க இனி நடக்க வேண்டாம். இன்னைக்கு சாயந்திரம் ஆறு மணிக்கு ஆடியோ அரட்டை. அண்ணன் பேசுவாரு. யாரு எப்படின்னு கேக்கறவன் வெளிய போயிரலாம்."

தனியா எனக்கு ஒண்ணே ஒண்ணு. "குட் மார்னிங். தொண்டை எப்படி?"

இத்தன நாளா டைப் பண்ணாத பதில அப்பத்தான் டைப் பண்ணினேன். "பரவால்ல. வேலையப் பாரு. அவ்ளோதான் சாமி."

ஆறு மணி. அப்பா வேன நிறுத்திட்டு வந்து டிவிய அணைச்சாரு, அவரா அணைச்சது இதுதான் முதல் தடவ. அம்மா பனங்கற்கண்டு ரெண்டு எடுத்து என் வாய்ல போட்டாங்க. கேக்கறவங்க எண்ணிக்கை ஏறிட்டே போச்சு. முப்பது பாடத்தையும் த்ரெட்டுக்குத் தனியா எழுத எடுத்து வெச்சிருந்த பேப்பர்ல அந்த நாலு வரி மட்டும் இருந்துச்சு. அத மடிச்சு நோட்டுக்குள்ள வெச்சுட்டேன்.

மைக்க ஆன் பண்ணினேன். தொண்டையக் கனைச்சேன். கீழ எமோஜியா கொட்டுது. அண்ணன் கனைச்சுட்டாரு, அண்ணன் கனைச்சுட்டாருன்னு.

"மக்களே வணக்கம்"னேன்.

எல்லாம் அப்படியே நின்னுச்சு. ஒரு எமோஜி இல்ல, ஒரு எழுத்து இல்ல. அம்மா மூச்சு விடற சத்தம் கேட்டுச்சு. அப்புறம் முதல் கமெண்ட் வந்துச்சு.

"அக்கா சாப்டீங்களா?"

கண்ண மூடிக்கிட்டேன். தெறந்தப்ப அவன் இல்ல. தினகர் தூக்கிட்டான். அந்த இடத்துல வேற ஒண்ணு இருந்துச்சு, மூணு பேப்பர் பையன்.

"அண்ணா, தெளிவா கேக்குது. மேல சொல்லுங்க."